பாக்ஸா, ரீமேப்பா?

கோயம்புத்தூரில் டர்போ கார் வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, பாக்ஸ் மாட்டிக்கலாமுங்களா, ரீமேப் பண்ணிக்கலாமுங்களா?" எவ்வளவு செலவாகும், பிக்கப் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரே சொல்லில் பதில் சொன்னால் அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருப்பார்கள். ஆனால் இந்த இரண்டும் எஞ்சினுக்குள் செய்கிற வேலை வேறு வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் பணத்தைக் கொடுத்து, வண்டியையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியூவைத் திறந்து எழுத முடிகிற வண்டியில், எழுதத் தெரிந்தவர் கையில், ரீமேப்தான். பாக்ஸுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. ஆனால் பாக்ஸ் விற்பவர்கள் காட்டுகிற இடம் அது இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு டீசல் பம்ப் ரூம் வழியாக வந்தவன். லாரிகளின் இன்லைன் பம்பைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். அதை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, குறிப்பிட்ட வேகத்தில் ஆயிரம் ஸ்ட்ரோக் ஓட்டி, ஒவ்வொரு எலிமென்ட்டும் எவ்வளவு டீசல் ஊற்றுகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் பார்ப்போம். ஆறு குழாயிலும் மட்டம் ஒன்றாக நிற்க வேண்டும். ஃபுல் லோட் ஸ்க்ரூவுக்கு சீல் வைத்திருக்கும். லாரி ஓனர்கள் அந்த சீலை உடைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். "மேஸ்திரி, திம்பம் மலையில ஏற மாட்டேங்குது, கொஞ்சம் ஏத்தி விடுங்க." எங்கள் மேஸ்திரி ஸ்க்ரூவில் உடனே கை வைக்க மாட்டார். முதலில் பம்பை இருக்கிறபடியே ஓட்டி அளவெடுத்து நோட்டில் எழுதச் சொல்வார். "இப்ப என்ன ஊத்துதுன்னே தெரியாம எவ்வளவு ஏத்தறது தம்பி?" என்பார். பாதி வண்டிகளில் நாசில் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்தாலே வண்டி இழுக்கும். ஸ்க்ரூ தொடப்படாமலே வண்டி திரும்பிப் போகும்.

டர்போ லாரிகளின் பம்பில் எல்டிஏ என்று ஒரு டயாஃப்ரம் இருக்கும். டர்போவின் காற்று வந்து அந்த டயாஃப்ரத்தை அழுத்தினால்தான் கூடுதல் டீசல் போகும். காற்று வராமல் டீசல் மட்டும் போனால் கரும்புகைதான். இன்றைய டீசல் இசியூவில் 'ஸ்மோக் மேப்' என்று நாங்கள் சொல்வது இதே வேலையைத்தான் செய்கிறது. டயாஃப்ரத்தின் இடத்தில் இப்போது எண்கள் இருக்கின்றன.

2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்தது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின், 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர் டார்க். அதே எஞ்சினை ஃபியட், டாடா வண்டிகளிலும் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த நாட்டில் டீசல் கார் என்றால் பாதிப் பேருக்கு அதுதான் எஞ்சின். இரண்டாயிரம் ஆர்.பி.எம். தாண்டி டர்போ எழும்போது முதுகில் ஒரு தள்ளு வரும். அதற்குக் கீழே வண்டி தூங்கும். அந்தத் தூக்கத்தைப் போக்கத்தான் இளைஞர்கள் பாக்ஸைத் தேடி வந்தார்கள்.

அந்த பாக்ஸ் செய்தது என்ன என்று விளக்குகிறேன். காமன் ரயில் எஞ்சினில் டீசல் ஒரு குழாயில் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் வோல்டேஜாக மாற்றி இசியூவுக்குச் சொல்லும். பாக்ஸ் அந்த சென்சாரின் கப்ளருக்கு நடுவில் உட்காரும். உண்மையில் 1,000 பார் இருக்கும்போது 850 தான் இருக்கிறது என்று சொல்லும். இசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். தன் கணக்கில் 1,000 வந்ததும் நிறுத்தும். உண்மையில் அப்போது ரயிலில் 1,180 பாருக்குப் பக்கத்தில் இருக்கும். இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் மாறாது. ஆனால் அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் கூடுதல் டீசல் போகும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் அளவு கூடும் என்பதால், 18 சதவீத அழுத்தத்துக்கு 8, 9 சதவீத டீசல் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவான பாக்ஸுக்குள் ஒரு ரெசிஸ்டருக்கு மேல் எதுவும் இருக்காது. கொஞ்சம் நல்லதில் ஒரு சின்ன பிராசஸர் இருந்து, அழுத்தத்துக்குத் தகுந்தபடி பொய்யைக் கூட்டிக் குறைக்கும். தராசுத் தட்டின் அடியில் கல் ஒட்டி எடை போடுகிற வேலைதான் இரண்டும்.

அந்தப் பொய்யால் ஒரு வேடிக்கையான விளைவு வரும். பாக்ஸ் மாட்டியவர்கள் பலர் "பிக்கப்பும் ஏறிடுச்சு, மைலேஜும் ஏறிடுச்சுங்க அண்ணா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். டேஷ்போர்டில் காட்டுகிற மைலேஜை வைத்துச் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது? தான் இவ்வளவு டீசல் ஊற்றினேன் என்று இசியூ போடுகிற கணக்கிலிருந்து வருகிறது. தான் ஊற்றியதைவிடக் குறைவாக ஊற்றியதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் காட்சி எண் 8, 9 சதவீதம் நல்லதாகத் தெரிகிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி லிட்டர் கணக்கில் பாருங்கள் என்பேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் பிறகு மைலேஜ் பற்றிப் பேசுவதில்லை.

பிஎஸ்4 மாசு விதிக்கு உட்பட்ட வண்டியில் இதனால் வந்த சேதம் குறைவு. பவர் கொஞ்சம் ஏறியது, பின்னால் வந்தவர் புகை குடித்தார், எஞ்சின் சத்தம் கடுமையானது. பைலட் இன்ஜெக்ஷன் என்று முதலில் சொட்டாகப் போக வேண்டிய டீசலும் அளவு கூடிப் போனால் அந்த 'டக்டக்' சத்தம் கூடத்தான் செய்யும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது நிலைமை மாறிவிட்டது. சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரித்தூள் வடிகட்டி வந்தது. அதில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதை இசியூ ஓரளவு கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்கிறது. இவ்வளவு டீசல், இவ்வளவு காற்று, அதனால் இவ்வளவு கரி. டீசல் கணக்கே பொய்யானால் கரிக் கணக்கும் பொய். வடிகட்டி நிறைந்தது தெரியாமல் இசியூ காத்திருக்கும். எரித்துச் சுத்தம் செய்கிற நேரம் தள்ளிப்போகும். பிஎஸ்6 டீசலில் ரயில் பிரஷர் பாக்ஸ் மாட்ட வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெட்ரோல் டர்போவில் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆபத்தும் கூடுதல். நம் ஊரில் பலருக்கு முதல் டர்போ பெட்ரோல் ஆசையைக் காட்டியது 2013-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இப்படிப்பட்ட எஞ்சினுக்கு வருகிற பாக்ஸ், அதாவது பிக்கிபேக் கம்ப்யூட்டர், டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கிற சென்சாரின் வயரில் உட்காரும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இசியூ கேட்பது 1.8 பார். சென்சார் பார்ப்பதைவிட 0.2 குறைத்து பிக்கிபேக் சொல்கிறது. இசியூ டர்போவை இன்னும் முடுக்குகிறது. உண்மையில் 2.0 பார் வந்தபோது இசியூவின் கண்ணுக்கு 1.8 தெரிகிறது. அதற்குத் திருப்தி.

பத்து, பதினோரு சதவீதம் கூடுதல் காற்று உள்ளே வந்துவிட்டது. பெட்ரோல்? வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் உள்ள புது வண்டியில், புகையைப் பார்த்துக் கலவை மெலிந்திருப்பதை இசியூ கண்டுபிடித்து பெட்ரோலைக் கூட்டிவிடும். பழைய நேரோபேண்ட் வண்டியில் முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தம் நடக்காது. கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். பெட்ரோல் பிரச்சினை இப்படிப் பாதிக்குப் பாதி தீர்ந்தாலும் இக்னிஷன் டைமிங் தீராது. எந்த வேகத்தில், எவ்வளவு காற்றுக்கு, பிஸ்டன் மேலே வர எத்தனை டிகிரி முன்னால் பொறி விட வேண்டும் என்று இசியூவில் ஒரு அட்டவணை இருக்கிறது. காற்று கூடக்கூடப் பொறியைத் தாமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவை தானாக வெடித்துத் தட்டுகிற நாக்கிங். இசியூ 1.8 பாருக்கான கட்டத்திலிருந்து டைமிங்கை எடுக்கிறது. சிலிண்டரில் இருப்பதோ 2.0 பார் காற்று. எங்கே பொறி பின்னால் போக வேண்டுமோ அங்கே அது முன்னாலேயே நிற்கிறது.

நாக் சென்சார் கேட்டுவிட்டுப் பின்வாங்கும் என்று பாக்ஸ்காரர்கள் சொல்வார்கள். உண்மை. ஆனால் நாக் சென்சார் நாக்கிங் நடந்த பிறகுதான் கேட்கும். அவசரத்துக்கு இருக்கிற ஒரு காவலை ஒவ்வொரு ஓவர்டேக்கிலும் வேலை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் இன்னொன்றும் இருக்கிறது. குறைந்த ஆர்.பி.எம்.மில் அதிக லோடு கொடுத்தால் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிற எல்எஸ்பிஐ என்ற கோளாறு. ஒரே அடியில் பிஸ்டன் ரிங் லேண்டை உடைக்கக் கூடியது. அது நடக்கும்போது நாக் சென்சாரால் டைமிங்கைப் பின்னால் இழுத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பற்றவைத்தது ஸ்பார்க் பிளக்கே இல்லை. 1,500 ஆர்.பி.எம்.மில் டாப் கியரில் அமுக்கி ஓட்டுகிறவருக்கு, அந்த இடத்தில் பூஸ்டை ஏற்றாமல் விடத் தெரிந்த டியூன் வேண்டும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி தன் கிளட்சை எவ்வளவு இறுக்குவது என்பதை, வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற கேன் வயரில் இசியூ அனுப்புகிற டார்க் எண்ணை அடிப்படையாகக் கொண்டுதான் கணக்கிடுகிறது. பிக்கிபேக் மாட்டிய வண்டியில் இசியூ தெரிந்தே பொய் சொல்லவில்லை. அதற்கே உண்மை தெரியாது. "175 தருகிறேன்" என்று சொல்லும். கிராங்கிலிருந்து 200 வரும். கிளட்ச் 175-க்கு இறுக்கிக் காத்திருக்கும். ஸ்லிப்பைப் பார்த்து கியர்பாக்ஸ் தன்னைத்தானே கொஞ்சம் திருத்திக்கொள்ளும் என்றாலும், ஒவ்வொரு முறையும் சறுக்கிய பிறகுதான் திருத்துகிறது. டிக்யூ200 என்ற அந்த ட்ரை கிளட்ச் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. எண்ணெயில் நனையாத கிளட்ச்; சூடு தாங்குவது குறைவு. ஊர் டிராஃபிக்கில் ஊர்ந்தே பாதி ஆயுள் போகிறது. மீதிப் பாதியைப் பொய்யான எண்ணால் தேய்க்க வேண்டுமா?

ரீமேப் அல்லது ரீஃப்ளாஷ் என்றால், இசியூவுக்குள் இருக்கிற அந்த அட்டவணைகளையே மாற்றி எழுதுவது. சென்சார்கள் உண்மையே சொல்லும். 2.0 பார் வந்தால் 2.0 என்றே இசியூவுக்குத் தெரியும். அதற்குரிய டைமிங், அதற்குரிய பெட்ரோல், அதற்குரிய டார்க் எண், எல்லாமே உண்மையான காற்றை வைத்துக் கணக்கிடப்படும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது அப்படி இல்லை.

நவீன இசியூ ஆக்ஸிலரேட்டரை நேராகத் திராட்டிலுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் மிதிப்பது ஒரு கோரிக்கை மட்டுமே. அது முதலில் டார்க்காக மாறும். பிறகு வரிசையாகக் காவல்கள்: இந்த கியருக்கு இவ்வளவுதான், இந்த வெப்பநிலையில் இவ்வளவுதான், கிளட்சுக்கு இவ்வளவுதான், டீசலென்றால் இந்தக் காற்றுக்கு இவ்வளவு டீசல்தான். எல்லாவற்றிலும் சிறிய எண் எதுவோ அதுதான் கடைசியில் எஞ்சினுக்குப் போகும். பிறகு அந்த டார்க்குக்கு எவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு வேஸ்ட்கேட், என்ன டைமிங் என்று கீழே இறங்கும். இதற்கும் மேலே ஒரு கண்காணிப்பு தனியாக ஓடும். கேட்ட டார்க்கைவிட வந்த டார்க் கூடினால் திராட்டிலை மூடிவிடும். அதனால் பூஸ்ட் அட்டவணையை மட்டும் தூக்கிவிட்டுப் போகிறவரின் வண்டி பாதி ஏற்றத்தில் பவரை வெட்டுகிற லிம்ப் மோடுக்குப் போகும். இன்னும் சிலர் கண்காணிப்பையே அணைத்துவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்பார்கள். நல்ல ஃபைல் என்பது இந்தச் சங்கிலி முழுக்க ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி எழுதியது. நான் ஒரு ஃபைலைத் திறந்தால் முதலில் பார்ப்பது டார்க் லிமிட் அட்டவணைகளைத்தான். அங்கே கவனமாக எழுதியிருந்தால் மற்ற இடங்களிலும் கவனம் இருக்கும்.

வண்டி வந்தால் நான் முதலில் ஸ்டாக் நிலையில், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓட்டி, சென்சார் எண்களின் பதிவான லாக் எடுப்பேன். கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், சிலிண்டர் வாரியாக நாக் ரிடார்ட், உள்ளே வரும் காற்றின் வெப்பம், டீசலென்றால் ரயில் பிரஷர். ஸ்டாக்கிலேயே பூஸ்ட் பைப் கசிந்தால், ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தால், இன்ஜெக்டர் திருத்தம் ஒரு சிலிண்டரில் மட்டும் எகிறி நின்றால், அதைச் சரிசெய்யாமல் ஒரு எண்ணையும் மாற்றுவதில்லை. பிறகு ஒரிஜினல் ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் சேமிப்பேன். சில இசியூக்களை ஓபிடி சாக்கெட் வழியாகவே முழுதாகப் படிக்கலாம். சிலவற்றைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். எழுதுகிற நேரத்தில் பேட்டரிக்கு நிலையான வோல்டேஜ் தருகிற சப்ளை கட்டாயம். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் இசியூ பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோகும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கிங்கில் வந்து பத்து நிமிஷத்தில் ஃப்ளாஷ் செய்து தருகிறேன் என்பவர்கள் இதையெல்லாம் எப்போது செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

எழுதியதைச் சோதிக்க, வண்டியை நிற்கவைத்து பவரை அளக்கிற டைனோ வேண்டும். ஆனால் டைனோவில் மட்டும் முடிந்துவிட்டது என்று நான் ஒரு ஃபைலையும் கொடுப்பதில்லை. எங்களுக்கு நீலகிரி பக்கத்தில் இருப்பது பெரிய வரம். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர், ஊட்டி 2,240. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 0.96 பார் பக்கம், அங்கே 0.77 பார் பக்கம். சென்சார் அளப்பது மொத்த அழுத்தம். அதே 1.8 பாரை எட்ட இங்கே டர்போ காற்றை 1.9 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.3 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். காற்று இன்னும் சூடாகும். மேட்டுப்பாளையம் தாண்டி இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும்போது வண்டி வேகமும் இல்லை, இன்டர்கூலருக்குப் போதிய காற்றும் இல்லை. இதைத் தெரிந்துதான் தொழிற்சாலையில் உயரத்துக்கு ஒரு திருத்த அட்டவணை வைத்திருக்கிறார்கள். மேலே போகப் போக இசியூ பூஸ்டைக் குறைத்துக் கேட்கும். ஊட்டியில் 1.8-க்குப் பதில் 1.6 கேட்டது என்று வையுங்கள். டர்போவின் பளு அவ்வளவு ஏறாமல் நிம்மதியாக இருக்கும். 0.2 பாரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிற பிக்கிபேக் அந்த நிம்மதியைக் கெடுத்து மறுபடி 1.8-க்கு, அதாவது 2.3 மடங்குக்குத் தள்ளும். ரீமேப்பில் நான் அந்த உயரத் திருத்த அட்டவணையைத் தொடாமல் விட்டாலே போதும். கீழே கூடுதல் பவர், மேலே தொழிற்சாலைக் காவல். கோத்தகிரி வழியாகக் குடும்பத்தோடு ஏறுகிற வாடிக்கையாளருக்கு இந்த ஒரு விஷயம் டைனோ தாளில் உள்ள பிஎஸ் எண்ணைவிட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு பாக்ஸை முழுக்க ஒதுக்கினால் அது அநியாயம். பிக்கிபேக் தரமாக வளர்ந்த கதை ஒன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2006-இல் பிஎம்டபிள்யூ 335ஐ வந்தது, என்54 என்ற இரட்டை டர்போ எஞ்சினோடு. அதன் இசியூவை ஆரம்பத்தில் வெளியாட்களால் எளிதில் திறக்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் அமெரிக்காவில் பிக்கிபேக்குகள் செழித்தன. ஜேபி4 போன்றவை வெறும் சென்சார் பொய்யோடு நிற்காமல், கேன் வயரில் இசியூ பேசுவதைக் கேட்டு, டைமிங் பின்வாங்குவதைப் பார்த்துத் தானே பூஸ்டைக் குறைக்கப் பழகின. பிறகு இசியூ திறந்தது. இசியூவில் ஒரு ஃப்ளாஷ், மேலே பூஸ்டைக் கவனிக்க ஒரு பிக்கிபேக் என்று இரண்டையும் சேர்த்தே ஓட்டினார்கள். அதற்கும் முன்னால் ஜப்பானில் அபெக்ஸி, எச்கேஎஸ், கிரெட்டி போன்றவர்கள் செய்த பிக்கிபேக்குகள், எழுதவே முடியாத பழைய இசியூ உள்ள கார்களுக்கு எளிய வழியாக இருந்தன.

இன்று அந்த நிலை மறுபடி வருகிறது. சமீபத்திய பாஷ் எம்ஜி1, எம்டி1 குடும்ப இசியூக்களுக்குப் பூட்டு பலமானது. சிலவற்றை மேசையில் திறக்கவே தனி வேலை வேண்டும்; சில புது மாடல்களுக்கு வழி வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் என்னிடம் வந்து, பூஸ்டைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றுகிற, கேன் தகவலைப் படிக்கிற நல்ல பிக்கிபேக்கைக் காட்டினால், மாட்டிக்கொள்ளுங்கள் என்பேன். சாப்ட்வேர் அப்டேட்டுக்காக சர்வீஸ் சென்டரில் இசியூவை மேலெழுதிவிட்டால் ரீமேப் அழிந்துவிடும்; பிக்கிபேக்குக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் போதும் என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற அந்தச் சின்ன பிளக்கை மட்டும் வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தவற்றில் எல்இடிக்களைச் சிமிட்ட வைக்கிற சர்க்யூட் மட்டுமே இருந்தது. எஞ்சினுக்கும் அதற்கும் ஒரு பேச்சும் இல்லை.

வாரண்டிக்காகத்தான் பாக்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்ஸைக் கழற்றினால் வயரிங் பழையபடி ஆகிவிடும் என்பது சரி. ஆனால் அது ஓடிய காலத்தில் பதிவான ஃபால்ட்டுகளும், அந்த நேரத்து ஆர்.பி.எம்., லோடு விவரங்களும் இசியூவில் நிற்கலாம். தேய்ந்த கிளட்ச் தேய்ந்ததுதான். ரீமேப்பும் ஒளியாது. இசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையும், மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணும் காட்டிக்கொடுக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் அப்படி அடையாளம் கண்டால் டிடி1 என்று குறியிடுவார்கள். சட்டத்தையும் நான் மறைப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டிக்குள் இருக்கும் வண்டியைத் தொட வேண்டுமா என்பதை இதெல்லாம் தெரிந்து ஓனர் முடிவு செய்ய வேண்டும். வாரண்டி முடியட்டும், பிறகு வாருங்கள் என்று நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு அதை மறைக்க ஃபைல் எழுதிக் கேட்பவர்களுக்கும் என்னிடம் இடமில்லை. அந்தப் புகையைக் குடிக்கப் போவது நம் குழந்தைகள்.

எரிபொருள் மாறியதும் கவனிக்க வேண்டிய விஷயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, ஒரு பங்கு எரிபொருளுக்கு வேண்டிய காற்று 14.7-இலிருந்து ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். எத்தனாலால் நாக்கிங்கைத் தாங்கும் சக்தி கூடுகிறது, அது நல்லது. ஆனால் எத்தனாலுக்காக இசியூ ஏற்கெனவே தன் திருத்த எல்லையில் ஒரு பகுதியைச் செலவழித்திருக்கும். பாக்ஸின் பொய்யைச் சரிக்கட்டவும் அதே எல்லையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எல்லையைத் தொட்டால் செக் லைட் எரியும். பழைய பெட்ரோலில் எழுதி வாங்கிய ரீமேப்பையும் இப்போது ஒருமுறை லாக் எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரீமேப் என்ற பெயரில் நடக்கும் அநியாயம் பாக்ஸைவிடப் பெரியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கிருந்தோ வாங்கிய ஒரே 'ஸ்டேஜ் 1' ஃபைலை, மென்பொருள் பதிப்பு கூடப் பார்க்காமல், வரிசையாக எல்லா வண்டிக்கும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. டார்க் லிமிட்டை எல்லா கியருக்கும் ஒரே பெரிய எண்ணாக எழுதி, வெப்பக் காவலைத் தட்டையாக்கி வைத்திருந்தார்கள். அதன் ஒரிஜினல் ஃபைல் யாரிடமும் இல்லை. இப்படிப்பட்ட ஃபைலைவிட, அடக்கமாக வைத்த ஒரு நல்ல பிக்கிபேக் பாதுகாப்பானது. ஒன்றைக் கழற்றி எறியலாம். இன்னொன்று உள்ளேயே இருக்கும்.

ஆகவே டர்போ காரில் கை வைக்க நினைக்கிறவர்கள், எவ்வளவு பிஎஸ் கூடும் என்று கேட்பதற்கு முன், செய்யப்போகிறவரிடம் உங்கள் வண்டியின் ஸ்டாக் லாக்கைக் கேளுங்கள். முடித்த பிறகு மலை ஏற்றத்தில் எடுத்த லாக்கைக் கேளுங்கள். ஒரிஜினல் ஃபைலின் நகலை ஒரு பென் டிரைவில் வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் தர மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.